நோட்டீஸில் இருந்த எண்

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர் என்பதால் தெருவில் எல்லோருக்கும் அவர் ‘லென்ஸ்’தான். அவர் செய்த தப்பு ஒன்றே ஒன்று. அதையும் நல்ல மனதோடு செய்து தொலைத்தார்.

தெருக்கோடியில் இருந்த சின்ன ஆஸ்பத்திரியை இழுத்து மூடியிருந்தார்கள். ஜெயித்தால் ஆறே மாதத்தில் திறக்கிறேன் என்று சொல்லித்தான் டீச்சர் தேர்தலில் நின்றார். தெருவில் பாதிப் பிள்ளைகளுக்கு எழுத்து கற்றுக்கொடுத்த டீச்சர். லென்ஸ் உயிரைக் கொடுத்து வேலை பார்த்தார். பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு, செருப்புத் தேய ஆயிரத்துச் சொச்சம் வாசல் ஏறி இறங்கினார். நோட்டீஸ் அச்சடிக்கும்போது டீச்சர், “கீழ என் நம்பரைப் போடுங்கண்ணே” என்றார்.

“உங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும் டீச்சர். என் நம்பரைப் போடுவோம், நான் பாத்துக்கறேன்.”

சொல்லும்போது மனிதருக்குப் பெருமை தாங்கவில்லை.

கடைசியாக ஏறிய வாசல் அண்ணியுடையது. அண்ணன் போனபின் தனியாக இருந்தாள். லென்ஸுக்கு மதியச் சாப்பாடு அங்கேதான். அவளுக்கு மூச்சிரைப்பு, பெரிய ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். சின்ன ஆஸ்பத்திரியோ நாலு வீடு தள்ளி. “யாரு ஜெயிச்சாலும் மூச்சு நான்தானே விடணும்” என்று சிரித்தாள். பிறகு, “நீ சொல்றியேன்னு போடறேன் தம்பி” என்றாள்.

டீச்சர் ஜெயித்தார். ஆறு மாதம் போனது, ஒரு வருடம் போனது, பூட்டு மட்டும் போகவில்லை. லென்ஸின் போன் ஓயாமல் அடித்தது. சாவியை இவரே இடுப்பில் சொருகி வைத்திருப்பதுபோல, “எப்பங்க தொறப்பீங்க?” என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். இவர் டீச்சரிடம் போனார். முதலில் உட்கார வைத்து டீ கொடுத்தார்கள். பிறகு, “மேடம் மீட்டிங்ல இருக்காங்க” என்று வாசலோடு அனுப்பினார்கள்.

கூட வேலை செய்த பத்துப் பேரும் கொதித்தார்கள். “கூட்டத்துல எழுந்து கேட்டுடுவோம்.”

“நம்ம ஆளை நாமே கேட்டா எதிரிக்குத்தான் கொண்டாட்டம். கொஞ்சம் பொறுங்க” என்று லென்ஸ்தான் அடக்கினார். அந்தக் கொஞ்சம் இரண்டு வருடமாக நீண்டது. அழைப்புகளுக்குப் பதில் சொல்ல முடியாமல், போனை ஊமையாக்கி மிஷின் பக்கத்தில் கவிழ்த்து வைக்கப் பழகிக்கொண்டார்.

ஒரு நாள் சாப்பிடக் கிளம்பும்போது போனைத் திருப்பிப் பார்த்தார். எடுக்காத அழைப்புகள் ஒன்பது. அதில் மூன்று அண்ணி.

ஓடினார். வீடு திறந்து கிடந்தது. அக்கம்பக்கத்தார் அவளை வண்டியில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். பூட்டிய சின்ன ஆஸ்பத்திரியைத் தாண்டித்தான் வண்டி போனது. பாதி வழியிலேயே அவள் மூச்சு நின்றுவிட்டது.

லென்ஸ் பத்து நாள் கடைப் பக்கம் போகவில்லை. பதினோராவது நாள் அந்தப் பத்துப் பேரையும் கூப்பிட்டு, பழைய நோட்டீஸை எடுத்து வைத்தார். அதே படம், அதே வாக்குறுதி. எண்ணை மட்டும் மாற்றினார்கள். டீச்சர் அன்றைக்கே போடச் சொன்ன எண்.

மறுபடியும் அதே வாசல்கள். “தப்பு எங்க மேலதாங்க. டீச்சரைக் கேக்க வேண்டியதை எங்களைக் கேக்க வெச்சுட்டோம். இனி அவங்களையே கேளுங்க. தொறக்கற வரைக்கும் தினமும் கேளுங்க.” சிலர் திட்டினார்கள். இவர்கள் அதை வாங்கிக்கொண்டார்கள்.

அண்ணி வீட்டு வாசலிலும் லென்ஸ் கைப்பழக்கத்தில் கதவைத் தட்டிவிட்டார். தட்டிய பிறகுதான் உறைத்தது. அந்தப் படியிலேயே உட்கார்ந்து, நடுத்தெரு என்றும் பாராமல், வாய்விட்டு அழுதார்.

மூன்றாம் நாள் டீச்சரே போனில் கூப்பிட்டார்.

“என்னண்ணே இது? நீங்களா இப்படிப் பண்ணீங்க? காலைலேர்ந்து போன் நிக்கல. இத்தனை போன்ல எதை எடுக்கறது, எதை விடறது?”

லென்ஸுக்குக் கோபம்கூட வரவில்லை.

“எல்லாத்தையும் எடுங்க டீச்சர்,” என்றார். “நான் எங்க அண்ணி போனை எடுக்காம விட்டுட்டேன்.”