தறி நிற்கிற நேரம்

செவிலிமேட்டில் குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும், அதுவும் விடியலில். முட்டிவலி கண்ட மாதம், புவனேஸ்வரி எழுந்து வருவதற்குள் குடங்களெல்லாம் நிரம்பியிருந்தன. கணவர் பரமசிவம்தான் பிடித்துவைக்கிறார் என்று நினைத்து அவரை இரண்டு தடவை மெச்சினாள். அவரும் மறுக்காமல் வாங்கிக்கொண்டார். மாடியறையில் குடியிருந்த பிரவீனாவின் வேலை அது என்று பிறகுதான் தெரிந்தது.

அந்த அறை இப்போது பூட்டிக் கிடக்கிறது. வாடகைக்கு விடலாம் என்று பரமசிவம் பேச்செடுத்தால், புவனேஸ்வரி வேறு பேச்சுக்குப் போய்விடுகிறாள்.

பிரவீனாவுக்கு ஊர் முசரவாக்கம். பாலாற்றங்கரைக் கிணறுகளைப் பற்றி முனைவர் பட்டத்துக்கு எழுதிக்கொண்டிருந்தாள். முன்பு விடுதியில் தூங்காமல் எழுதியெழுதி ஆஸ்பத்திரியில் படுத்தவள். தை மாதத்துக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். மறுபடி படுத்தால் அத்தனையும் வீண். அதனால் இங்கே வந்ததும் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். கீழே புவனேஸ்வரியின் தறி ஓடத் தொடங்கினால், போனை அணைத்துவிட்டு எழுத உட்காருவாள். தறி நின்றால் பாதி வரியானாலும் மூடிவைத்துவிட்டு இறங்கி வருவாள். அமாவாசையன்று தறி ஓடாது. அவளும் எழுத்தைத் தொடமாட்டாள்.

"பாதியில எழுந்துக்கினா மறந்துடாதாம்மா?"

"பாதியில விட்டாத்தான்க்கா, நாளைக்கு எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியுது."

ஐந்தாவதோடு நின்றவள் புவனேஸ்வரி. தன் தறிச் சத்தத்தில் ஒருத்தி அத்தனை பெரிய படிப்புக்கு எழுதுகிறாளே என்று பூரித்துப்போவாள். ஏகாம்பரநாதர் சன்னிதியில் தன் பிள்ளைகளுக்கு அடுத்து அவள் பெயரையும் சொல்லி வேண்டிக்கொள்வாள்.

மார்கழி பிறந்ததும் புவனேஸ்வரிக்குப் பதைப்பு வந்துவிட்டது. பெண் இன்னும் கொஞ்சம் எழுதட்டும் என்று, ஆறு மணிக்கு நிறுத்தும் தறியை ஏழரை வரை மிதித்தாள். மறுநாள் எட்டு வரை. முட்டி வீங்கியது. நான்காம் நாள் பிரவீனா கண் சிவந்து, கைப்பிடியைப் பிடித்தபடி இறங்கி வந்தாள்.

"இந்தப் புடவை அவ்ளோ அவசரமாக்கா?"

"எனக்கு இன்னாம்மா அவசரம்? நீ எழுதணும்னுதான் மிதிச்சிக்கினு இருக்கேன்."

"நீங்க தனியா கஷ்டப்படறீங்களேன்னு நான் உக்காந்துக்கினு இருக்கேன். ஆறு மணிக்கு மேல எழுதினதையெல்லாம் காலைல அழிக்கிறேன்க்கா."

"நல்லா இருக்குதுமா, ரெண்டு பேர் கதையும்," என்றார் பரமசிவம். "நடுவுல எனக்குத்தான் சோறு எட்டு மணி ஆவுது."

மறுநாள் ஆறு மணிக்குத் தறி நின்றது. மேலே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. தை முடிய நான்கு நாள் இருக்கும்போது ஆய்வேடு போய்ச் சேர்ந்தது.

ஆடியில் கோயம்புத்தூரில் வேலை கிடைத்துப் பிரவீனா போனாள். அமாவாசைக்கு அமாவாசை போன் வரத்தான் செய்கிறது. ஆனாலும் சாயங்காலம் தறியை நிறுத்தியதும், புவனேஸ்வரி எழுந்திருக்காமல் சற்று நேரம் மேலே காது கொடுத்து உட்கார்ந்திருக்கிறாள். நாற்காலி நகர்வதில்லை. விளக்கேற்றப் போகிறாள்.

கோயம்புத்தூருக்குப் போன அன்று, பஸ் படியில் காலை வைத்தபடி பிரவீனா சொல்லியிருந்தாள்: "ஆறு மணிக்கு நிறுத்திடுங்கக்கா. அங்க எனக்குக் கேக்காது. நீங்க நிறுத்தியிருப்பீங்கன்னு நெனச்சிக்கினு நானும் மூடிடுவேன்."