மணலில் சுற்றிய கப்பல்கள்

கப்பல் சரக்கு முகவர் சுடலைமுத்து அண்ணாச்சி போன புதன்கிழமை மதியம், செம்பூரில் தம் அலுவலக நாற்காலியிலேயே இறந்துபோனார். தாராவியில் தோல் பைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த எனக்கு அவர் மகள்தான் போன் செய்தாள். "அப்பா ஸ்கிரீனப் பாத்துக்கிட்டு இருக்காங்கன்னே நெனச்சோம் மாமா," என்றாள்.

அந்தத் திரை அவரோடு வியாபாரம் செய்த நம் எல்லாருக்கும் தெரியும். கடலில் போகும் ஒவ்வொரு கப்பலும் அதில் ஒரு புள்ளி. வல்லரசுகளின் போர்க்கப்பல்கள் செங்கடலுக்கு வந்தபின் ஒரு காலையில், என் சரக்கு போன கப்பலின் புள்ளி பாலைவனத்துக்குள் இருந்தது. கூடவே இன்னும் பல கப்பல்கள். எல்லாம் ஒரே வேகத்தில், ஒரே வட்டத்தில், மணல்மேல் சுற்றிக்கொண்டிருந்தன.

"யாரோ எடங்காட்டுத சிக்னலக் கொழப்புதான் வே. எந்த நாட்டுக்காரன்னு கேக்காதீரும். ஒருத்தனும் ஒத்துக்கிட மாட்டான்," என்றார் அண்ணாச்சி.

இந்த மாதிரி நேரத்தில் அவர் கப்பல் கம்பெனியைக் கூப்பிட மாட்டார். மாலுமி வீட்டைக் கூப்பிடுவார். பாண்டுப்பிலிருந்து, என் சரக்கு போன கப்பலில் மாலுமியான செல்வத்தின் மனைவி கணவனை இணைப்பில் சேர்த்தாள்.

"கடல்லதான் இருக்கோம் அண்ணாச்சி. எதுத்தாப்புல ஒரு கப்பல் போவுது. பேர அழிச்சிருக்கு. கூப்பிட்டா பதில் இல்ல. மேல ஒரு ஆளையும் காணோம்."

அது கடந்துபோனதும், "போயிட்டு," என்றான். கரை சேர்ந்துவிட்டான், ஆனால் அந்தக் கப்பலைப் பற்றிப் பேசுவதே இல்லை என்கிறாள் அவன் மனைவி.

அண்ணாச்சியின் கணிப்பும் தப்பும். ஒருமுறை அவர் பேச்சைக் கேட்டுச் சரக்கை நிறுத்தினேன். கடலில் எதுவுமே நடக்கவில்லை. சத்தம் போட்டேன். "ஒண்ணும் நடக்கலன்னு கோவப்படுத மொத ஆளு நீருதாம் வே," என்று டீ வரவழைத்தார்.

இந்த முறை என் பட்டறையே ஒரு ஜெர்மனி ஆர்டரை நம்பி நின்றது. செங்கடல் வழியாகச் சீக்கிரம் வராவிட்டால் ரத்து என்றார் அந்த வியாபாரி. வல்லரசுகளே காவல் தருகின்றனவே என்று அண்ணாச்சியிடம் வாதாடினேன்.

"காவல் நிக்கவன் உம்ம தோல் பைக்கா நிக்கான்? அவன் பேசுதத விடும். அவன் நாட்டுச் சரக்குக் கப்பல் எந்த வழியா போவுதுன்னு பாரும்."

பார்த்தேன். அவை ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தன.

இறப்பதற்கு முந்தின நாள், ஜெர்மனிக்காரரிடம் அண்ணாச்சியே பேசி முடித்தார். அவருடையதாக என்னிடம் இருப்பது அந்தப் பேச்சுதான்: சரக்கு ஆப்பிரிக்காவைச் சுற்றி வரும், கூடுதல் கப்பல் வாடகை எனக்கும் ஜெர்மனிக்காரருக்கும் ஆளுக்குப் பாதி, தாமதத்துக்கு அபராதம் இல்லை, செங்கடல் திறந்துவிட்டதென்று எந்த நாடு அறிவித்தாலும் வழி மாறாது.