மருமகள் வந்த நேரமும் கனடாவில் அடித்த பனிப்புயலும்

போன மார்கழியில், ஜீயபுரத்தில் எங்கள் வீட்டில் நடந்தது இது. எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். படிப்புதான் நின்றது, பேச்சு நிற்கவில்லை. கொஞ்சம் வளவளவென்று இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருஷம் வைகாசியில் மகனுக்குக் கல்யாணம். மருமகள் மருங்காபுரிப் பக்கத்துப் பெண். ஒரே மாதத்தில் மகன் வேலைக்காகக் கனடா திரும்பிவிட்டான். விசா வரும்வரை அவள் எங்களோடு. ஆடியில் காவிரி கரை மீறி வயலுக்குள் வந்தது. ஐப்பசியில் தார் விட்டு நின்ற வாழையைக் காற்று ஒரே மத்தியானத்தில் படுக்கப் போட்டது. மார்கழியில், ஊருக்கு வருகிறேன் என்று கிளம்பிய மகன் பனிப்புயலில் மாட்டிக்கொண்டான். விமான நிலையத்தை மூடிவிட்டார்கள் என்று ஒரு செய்தி அனுப்பினான். அதன் பிறகு இரண்டு நாளாகப் போன் போகவில்லை.

மூன்றாம் நாள் காலையில் பாலக்கரையிலிருந்து என் நாத்தனார் வந்தார். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார். "இவ காலடி வச்ச நேரம், ஒண்ணு மாத்தி ஒண்ணு வருது. தை பொறக்குற வரைக்கும் அவ அம்மா வீட்ல இருக்கட்டும்."

இப்படி அனுப்பிவிட்ட பெண்ணைத் திரும்ப அழைத்து வருவது லேசில்லை. ராசியில்லாதவள் என்ற பெயர் அவளுக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்துவிடும். எல்லாம் தெரிந்தும் நான் தலையாட்டினேன். மகனை நினைத்த பயம் என் கண்ணைக் கட்டிவிட்டது. அவள் புடவைகளை நானே மடித்துப் பையில் வைத்தேன்.

அடுப்படியிலிருந்து வந்தவள் ஒரு நிமிஷம் பார்த்தாள். பையை வாங்கிக் கட்டிலில் அப்படியே கவிழ்த்தாள். கூடத்து டிவியில் அந்த வருஷம் உலகத்தில் நடந்த பேரிடர்களை வரிசையாகக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அத்தை, அதைப் பாருங்க. நிலநடுக்கம், காட்டுத்தீ, வெள்ளம். அந்த ஊருக்கெல்லாமும் நான்தான் காலடி வச்சேனா?"

வாய் நீளுது என்றார் நாத்தனார். அவள் அசரவில்லை. இட்லிப் பானை மூடியைக் கொண்டுவந்து எங்கள் முன்னால் சாய்த்தாள். ஆவி குளிர்ந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. பனியும் இப்படித்தான் என்றாள். மகன் இருக்கும் ஊர் பெரிய ஏரிக்கரையாம். கோடையில் வாங்கிய சூடு மார்கழியிலும் ஏரித் தண்ணீரில் மிச்சமிருக்குமாம். வடக்கேயிருந்து வரும் கடுங்குளிர்க் காற்று அதன்மேல் கடக்கும்போது ஆவியை வாரிக்கொண்டு மேலே போய், குளிர்ந்து, கரையிலுள்ள ஊர்மேல் பனியாகக் கொட்டிவிடுமாம். ஏரி உறைந்துவிட்டால் அந்தப் பனி குறைந்துவிடுமாம். முன்பு போனில் அவன் சொல்லியிருந்ததை அவள் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள்.

"நான் போக மாட்டேன் அத்தை. அவரு போன் வர்றப்ப நான் இந்த வீட்லதான் இருப்பேன்."

அவள் குரல் உடைந்தது அந்த ஒரு இடத்தில்தான். இவளுக்கும் அவன்தானே எல்லாம், இது எனக்கு ஏன் உறைக்கவில்லை என்று வெட்கமாகிவிட்டது. முப்பது வருஷத்தில் முதல் தடவையாக நாத்தனாரை எதிர்த்துப் பேசினேன்.

"அண்ணி, அவ எங்கயும் போகல. வாழை விழுந்தது காத்தால. வேணும்னா காத்தைத் திட்டுங்க."

காபிகூடக் குடிக்காமல் போய்விட்டார். அன்று சாயங்காலம் போன் வந்தது. புயலில் மின்சாரம் போய்விட்டதாம், ஆள் நலம். மூன்று நாள் கழித்து வந்து இறங்கினான்.

மறுநாளே நாத்தனார் கை நிறைய மல்லிகையோடு வந்தார். மனசு கெட்டவர் இல்லை, நாக்குதான் அப்படி. மருமகளின் கன்னத்தை வழித்து, அவள் ராசிதான் பிள்ளையைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தது என்றார். நான் உருகிப்போய் ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் சொல்லிவிட்டாள்.

"அதுவும் வேணாங்க. விமானம் ஓடுற பாதையில ராப்பகலா பனி அள்ளினாங்களே, அவங்க சேத்தாங்க."

பூவை மட்டும் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.

இப்போது எங்கள் தெருவில் ஒரு பெண் வந்த நேரத்தைப் பற்றி யாராவது வாய் திறந்தால், உட்காரவைத்து ஏரியையும் காற்றையும் சொல்லித்தான் அனுப்புகிறேன். அன்று அந்தப் புடவைகளை மடித்தவள் நான், சும்மா கேட்டுக்கொண்டிருக்க எனக்கு உரிமை இல்லை.