நாற்காலிக்கார அயாந்தி

“செல்போன் காட்டுற மணியை நம்பாதீங்க, கண்ணு. கரையில கால் வச்சதும் அது எங்க ஊர் மணிக்கு மாறினாலும் மாறிக்கும். கப்பல்காரன் அவன் மணிக்குத்தான் கயித்தை அவுப்பான்” என்று சொல்லிக்கொண்டே அயாந்தி சாய்வு நாற்காலியை விரிக்கிறாள். கால்களை மணலில் அழுத்தி, துணியின் மேல் ஓங்கி ஒரு தட்டு தட்டுகிறாள். அவளுக்கு இரண்டு கையிலும் கடிகாரம். இடக்கையில் அவள் தீவான கிரெனடாவின் மணி, வலக்கையில் அன்றைக்குத் துறைமுகத்தில் நிற்கும் உல்லாசக் கப்பலின் மணி. இரண்டு கப்பல் வந்துவிட்டால் மூன்றாவதைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்கிறாள்.

கிராண்ட் ஆன்ஸ் கடற்கரையில் பாதாம் மரத்தடிதான் அவள் வாடகை நாற்காலிக் கடை. தடித்த கால், இறுக்கிக் கட்டிய தலைத்துணி, இடுப்பில் பணப்பை. கப்பல் வரும் மாதங்களில், பொரித்த ரொட்டிக்குள் உப்புமீனைத் திணித்து மடித்துக்கொண்டு விடிந்ததும் வந்துவிடுகிறாள். கப்பலில் ஒரு நாளும் ஏறியதில்லை. ஏறாதவளுக்கு என்ன தெரியும் என்று கேட்பவர்கள் கேட்கட்டும். நாற்காலியில் மல்லாந்து கிடக்கிறவர்களின் வாய் சும்மா இருப்பதில்லை. ஒருவர் புலம்புவதைக் காதில் வாங்கி, அடுத்தவருக்குச் சொல்லிவைக்கிறாள்.

“அறை எடுத்தா நடுக் கப்பல்ல, கீழ்த்தட்டுல எடுங்க, ஆட்டம் தெரியாது. ஆனா பாட்டுக் கச்சேரி நடக்குற இடத்துக்கு நேர் கீழ எடுத்துடாதீங்க, தலைக்கு மேல குதிப்பாங்க. மாத்திரையைக் கைப்பையில வையுங்க. பெரிய பெட்டி அறைக்கு வந்து சேர்றதுக்குள்ள உசிரு போனா, பெட்டியா பதில் சொல்லும்? குமட்டினா இஞ்சியை வாயில அடக்குங்க. சோறு எந்நேரமும் கிடைக்குதுன்னு வயிறு முட்டத் தின்னுட்டுத் தண்ணியில இறங்காதீங்க. இன்னொண்ணு, எல்லாரும் இறங்குற ஏதாவது ஒரு ஊர்ல நீங்க இறங்காம இருங்க. அன்னைக்குத்தான் கப்பல் உங்களுக்குச் சொந்தம்.”

பக்கத்தில் சாதிக்காய் மாலை விற்கும் மெர்லினாவுக்கு இதைக் கேட்டால் பற்றிக்கொண்டு வரும். “ஏன்க்கா, அந்த ஊர் நம்ம ஊராப் போயிட்டா நாம என்னத்தைத் திங்கிறது?”

“அதுக்காகக் கேக்கிறவங்களுக்குச் சொல்லாம இருக்கச் சொல்றியா? போடி.”

“உன்னை யாரு கேட்டா? நாற்காலி கேட்டாங்க.”

அயாந்தியிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. அது பயணிகளுக்குப் பிடிப்பதே இல்லை. யாரையும் நிம்மதியாகத் தூங்க விடமாட்டாள். தோளைத் தொட்டு எழுப்பி, “ஒரு வாய் தண்ணி குடிங்க, கண்ணு” என்பாள். பதில் வராமல் நகரமாட்டாள். “காசு குடுத்திருக்கேன், தூங்க விடும்மா” என்று ஒருவன் சீறினான். “தூங்குங்க. தூக்கந்தானான்னு பாத்துட்டுப் போறேன்” என்று சொல்லிவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போனாள்.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு பெரியவர் முகத்தில் தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு படுத்திருந்தார். வெயில் நகர நகர அயாந்தி குடையை நகர்த்தி வைத்தாள். பாதத்தில் வெயில் விழுந்தபோது துண்டை எடுத்துப் போர்த்திவிட்டாள். புறப்படும் நேரமாயிற்றே என்று எழுப்பப் போனபோது உடம்பு விறைத்துக் கிடந்தது. மத்தியானம் முழுக்க ஒரு பிணத்துக்கு நிழல் பிடித்திருக்கிறாள். போலீஸ் வந்தது, கேட்டது, எடுத்துக்கொண்டு போனது. கப்பலும் போயிற்று. அந்த நாற்காலியைக் கழுவி மறுபடி விரிக்கச் சொன்னார்கள். அவள் கேட்கவில்லை. எரித்துவிட்டாள்.

இந்த முறை கிறிஸ்துமஸ் கழிந்த வாரம், வேனிலிருந்து ஒருவர் தனியாக இறங்கி வந்தார். கனடாக்காரர், எல்வுட் என்று பெயர். ஒடிசலான நெட்டை உடம்பு. இரண்டு நாற்காலி கேட்டார்.

“வீட்டுக்காரம்மா பின்னால வர்றாங்களா?”

“இல்ல. அக்டோபர்ல செத்துப்போயிட்டா.” மனைவியினுடையது போலிருந்த ஓலைத் தொப்பி ஒன்றை இரண்டாவது நாற்காலியில் வைத்தார். “ரெண்டு பேருக்குச் சீட்டு போட்டிருந்தோம். பணம் திரும்பாது, வேணும்னா நீங்க மட்டும் வரலாம்னாங்க. வந்தேன். தினமும் மேசையில ரெண்டு தட்டு வைக்கிறாங்க. ஒண்ணு போதும்னு சொல்லிப் பாத்தேன். மறுநாளும் ரெண்டுதான்.”

அயாந்தி மாபி என்கிற மரப்பட்டைச் சாறு ஒரு குவளை ஊற்றிக் கொடுத்தாள். கசப்பாகத்தான் இருக்கும். முகம் சுளிக்காமல் குடித்துவிட்டு நன்றி சொன்னார்.

தண்ணீர் கொடுக்கிற சாக்கில் அன்று அவரிடம் திரும்பத் திரும்பப் போனாள். ஒரு தடவையும் அவர் தூங்கவில்லை. கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். கப்பலுக்கு நேரமாகவே கூட்டம் துண்டுகளை உதறி வேனுக்குக் கிளம்பத் தொடங்கியது.

“கடைசி வேனுக்குன்னு இருக்காதீங்க, கண்ணு. டயர் வெடிச்சா அவ்வளவுதான். இப்பவே கிளம்புங்க.”

எல்வுட் கழுத்தில் தொங்கிய அட்டையைக் கழற்றினார். அந்த அட்டை இல்லாமல் யாரையும் கப்பலில் ஏற்றமாட்டார்கள். தண்ணீருக்குள் போகும்போதுகூட எவரும் அதைக் கழற்றி அவள் பார்த்ததில்லை. “இதை நாளைக்குத் துறைமுகத்துல குடுத்திடுறீங்களா?” என்றார்.

“நாளைக்கா? கப்பல் இன்னைக்கே போயிடுமே.”

“தெரியும்.”

அட்டையை அவள் கையில் வைத்துவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“அக்கா, அந்தாளு சட்டையோட கடல்ல இறங்குறாரு” என்றாள் மெர்லினா.

“உயிர்காக்கிற பையன் அந்தக் கோடியில இருப்பான். ஓடு, கூட்டிட்டு வா.”

மெர்லினா மாலைகளைப் போட்டது போட்டபடி ஓடினாள். அயாந்தி கடலுக்குள் நடந்தாள். செருப்பைக் கழற்றவில்லை. இடுப்புப் பையை அவிழ்க்கவில்லை. பாவாடை உப்பிக்கொண்டு மேலே வந்தது. இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டே போனாள். அந்தக் கரையில் தண்ணீர் வெகுதூரம் ஆழமில்லாமல் போய், அப்புறம் சட்டென்று இறங்கிவிடும். அந்த இடத்தை நெருங்கும்போது பின்னால் சலசலப்புக் கேட்டு எல்வுட் திரும்பிப் பார்த்தார்.

“எதுக்கு வர்றீங்க? போங்க, கரைக்குப் போங்க.”

“நீங்க போங்க. நான் பின்னால வர்றேன்.”

“இதுக்கு மேல ஆழம்.”

“எனக்குத் தெரியாதா? எங்க ஊர்க் கடலு.” மூச்சு வாங்கியது அவளுக்கு. “எனக்கு நீச்சல் தெரியாது, கண்ணு. எங்க வீட்டுல ஒருத்தருக்கும் தெரியாது. நீங்க எவ்வளவு தூரமோ, அவ்வளவு தூரம் வர்றேன்.”

“பைத்தியமா உங்களுக்கு?”

“அப்படித்தான் சொல்றாங்க.”

ஓர் அலை வந்து அவள் தாடையில் மோதியது. உப்புத் தண்ணீர் வாய்க்குள் போய் இருமினாள். தலைத்துணி அவிழ்ந்து மிதந்தது. அதைப் பிடிக்க அவள் கை நீட்டவில்லை. கரையில் மெர்லினாவும் இல்லை, அந்தப் பையனையும் இன்னும் காணோம்.

எல்வுட் நின்றுவிட்டார். ஒரு கையில் தொப்பி. மற்றொரு கையைத் தண்ணீருக்கு மேலே தூக்கி, அவளைத் தடுக்கிற மாதிரி விரித்தார்.

அயாந்தி நிற்கவில்லை. செருப்புக் காலால் தரையைத் தேடிக்கொண்டே, அவரைத் தாண்டி, ஆழத்தின் பக்கம் இன்னோர் அடி எடுத்துவைத்தாள்.