கூரையில் மாட்டிய வெயில்

அந்த வானத்தில் ஒன்பது மேகங்கள் இருந்தன. வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் என்று ஒன்றரை வருடம் அவற்றை எண்ணியவள் நான். தொண்ணூறுகளின் நடுவில், மலாக்கா டவுனில் ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்த ரத்தம் சுத்தம் செய்யும் நிலையம் அது. ஜன்னல் கிடையாது. ஆறு கட்டில்கள், கட்டிலுக்கு ஓர் இயந்திரம், எந்நேரமும் உறுமிக்கொண்டிருக்கும் ஏர்கோன். நடுவில் இருந்த இரண்டு கட்டில்களுக்கு மேலே மட்டும், குழல் விளக்குகளை மூடும் வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டுகளை எடுத்துவிட்டு, வானத்தின் புகைப்படம் அச்சடித்த தட்டுகளைப் பொருத்தியிருந்தார்கள். மொத்தம் எட்டுச் சதுரம். நீல வானம், வெள்ளை மேகம், ஒரு மூலையில் பெயர் தெரியாத வெளிநாட்டு மரத்தின் கிளை. உள்ளே விளக்கு எரியும்போது யாரோ கூரையைப் பிரித்துவிட்ட மாதிரியே இருக்கும். நிலையத்தை நடத்திய டாக்டர் வெளிநாட்டில் எங்கோ பார்த்துவிட்டு வந்து வரவழைத்தாராம். படுத்துக் கிடப்பவர்களுக்கு மனம் லேசாகும் என்றார்கள். நானும் நம்பினேன்.

அங்கே படுத்துக் கிடந்தவர் என் அத்தை, அதாவது என் கணவரின் தாயார். செலண்டார் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பத்தெட்டு வருடம் பாலுக்காக ரப்பர் மரம் சீவியவர். ரப்பரை வெட்டிவிட்டுத் தோட்டம் எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு மாறியபோது, தொழிலாளர் லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு, டவுனில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தார். வந்து இரண்டு வருடத்தில் சர்க்கரை நோய் அவருடைய இரண்டு சிறுநீரகத்தையும் தின்றுவிட்டது. என் கணவர் லாரி ஓட்டுநர். பாதி நாள் ஜொகூரில் இருப்பார், மீதி நாள் வழியில் இருப்பார். யாராவது ஒருவர் வேலையை விட்டு அம்மாவுடன் போய் வர வேண்டும் என்று பேச்சு வந்தபோது எல்லோருடைய கண்ணும் என் பக்கம் திரும்பியது. நானும் பெரிய மனது பண்ணி, தொழிற்சாலை வேலையை விட்டேன். அந்தப் பெரிய மனது மூன்று மாதம் தாங்கியது.

திங்கள், புதன், வெள்ளி. விடிவதற்கு முன் எழுந்து, அத்தையைக் குளிப்பாட்டி, வீங்கிய கால்களைச் செருப்புக்குள் திணித்து, கைத்தாங்கலாக நடத்தி, ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். போனதும் எடை பார்ப்பார்கள். எடை கூடியிருந்தால் திட்டு எனக்குத்தான். பிறகு கையில் இரண்டு பெரிய ஊசி. ஒன்றின் வழியாக ரத்தம் வெளியே போகும், இன்னொன்றின் வழியாகத் திரும்பி வரும். நான்கு மணி நேரம் அந்தக் கையை அசைக்கக் கூடாது. முடிந்ததும் அத்தை பிழிந்து போட்ட துணியாகக் கிடப்பார். மறுபடி பஸ். மறுநாள் முழுக்க அவருக்குத் தூக்கம், எனக்குச் சமையலும் துணியும். அதற்குள் அடுத்த கிழமை வந்து நிற்கும். தண்ணீர் கூட அளந்துதான் கொடுக்க வேண்டும். நாக்கு வறண்டு ஒரு மனுஷி தம்ளரைப் பார்ப்பதையும், நான் அதை எடுத்து உள்ளே வைப்பதையும் நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் எரிச்சல் வரும்.

தொடக்கத்தில் அத்தைக்குச் சுவரோரக் கட்டில்தான் கிடைத்தது. அவருக்கு மேலே வெறும் வெள்ளைத் தட்டு. நடுக் கட்டிலில், வானத்துக்கு நேர் கீழே, துணிக்கடை வைத்திருந்த ஒரு பாய் படுத்திருப்பார். வந்ததும் கண்ணை மூடினால் போகும்போதுதான் திறப்பார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஒருநாள் தாதியிடம் போனேன். அவரை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம்.

"மிஸ்ஸி, அந்த பாய் நாலு மணி நேரமும் தூங்கிக்கிட்டுதான் இருக்காரு. அவருக்கு எதுக்கு வானம்? எங்க அத்தைக்குக் குடுங்க லா."

பாய் தூங்கவில்லை. கண்ணைத் திறக்காமலேயே பதில் சொன்னார்: "குடுத்துடுங்க மிஸ்ஸி. அதப் பாத்தாலே எனக்குக் கூர ஒழுகப் போவுதோன்னு பயமா இருக்கு."

இப்படித்தான் அத்தைக்கு அந்த இடம் கிடைத்தது. ஏதோ கோட்டையைப் பிடித்த பெருமையோடு நான் பக்கத்தில் உட்கார்ந்து, "நல்லா இருக்கா அத்த?" என்று கேட்டேன். அத்தை அண்ணாந்து பார்த்தார். "ம். நல்லா வெளுத்திருக்கு" என்றார். அவ்வளவுதான். நான் அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டேன். இரண்டு வாரம் போனதும் அத்தை கண்மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொள்ள ஆரம்பித்தார். விளக்கு கூசுகிறதாக்கும் என்று நினைத்தேன். கஷ்டப்பட்டு வாங்கிக் கொடுத்த இடத்தில் இப்படி முகத்தை மூடிக்கொள்கிறாரே என்று மனதுக்குள் ஒரு முணுமுணுப்பும் இருந்தது.

அங்கே போக ஆரம்பித்துப் பத்து மாதம் இருக்கும். ஒரு புதன்கிழமை, அத்தைக்கு ஊசி குத்தி முடித்த நேரத்தில், மூலைச் சதுரத்துக்கு உள்ளே இருந்த குழல் விளக்கு இரண்டு மூன்று தடவை துடித்துவிட்டு அணைந்துபோனது. வானத்தின் ஒரு மூலை சாம்பல் நிறமானது. நான் உடனே எழுந்து முன்னால் இருந்த மேசைக்குப் போய், இப்படி விளக்கு போனால் நோயாளி எப்படி நிம்மதியாகப் படுத்திருப்பார், இன்றைக்கே ஆளைக் கூப்பிடுங்கள் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். திரும்பி வந்தபோது அத்தை துண்டை எடுத்திருந்தார். அந்த மூலையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அத்தை அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"மழ கட்டிக்கிட்டு வருது பாத்தியா," என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. புத்தி தடுமாறிவிட்டதோ என்று மிஸ்ஸியைத் தேடினேன். அத்தை என் கையைப் பிடித்தார். "பைத்தியம்லாம் இல்லம்மா. லைட்டுன்னு தெரியும். சும்மா சொன்னேன்."

பிறகு அவராகவே பேசினார். தோட்டத்தில் விடியற்காலை எல்லோரும் பெரட்டுக்குப் போய் நிற்பார்கள். பேர் கூப்பிட்டு, ஆளுக்கு ஒரு நிரை மரம் பிரித்துக் கொடுக்கும் இடம் அது. நிற்கிற அத்தனை பேரும் வானத்தைத்தான் பார்ப்பார்கள். மரப்பட்டை ஈரமாக இருந்தால் சீவ முடியாது, பால் சீவிய கோட்டில் இறங்காமல் மரம் முழுக்க வழிந்துவிடும். அதனால் மழை பெய்தால், வேலையை மேற்பார்க்கும் மண்டோர் போய் ஒரு மரத்தை உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டு வந்து, "இன்னிக்கு வேல இல்ல, போங்க" என்பார். அந்தச் சொல்லுக்காக எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்களாம்.

"மத்த நாள்ல புள்ள தூங்கும்போதே ஆயாக்கொட்டகையில போட்டுட்டுப் போவேன். மழ நாள்லதான் அவன வெளிச்சத்துல நல்லாப் பாப்பேன். திரும்பி வந்து போர்வைக்குள்ள அவனக் கட்டிக்கிட்டுப் படுப்பேன் பாரு, அந்தத் தூக்கம் மாதிரி தூக்கம் கெடையாதும்மா." பிறகு கூரையைக் காட்டினார். "இது எந்நாளும் வெளுத்தே கெடக்கு. வந்து படுத்தா, எழுந்திரு, வேலைக்குப் போன்னு சொல்ற மாதிரியே இருக்கு. லீவே இல்லாத வானத்த மாட்டி வச்சிருக்காங்க."

சண்டை போட்டு இடம் வாங்கியவள் நான். முப்பத்தெட்டு வருடம் வெளுத்த வானத்துக்குக் கீழே ஓடிய மனுஷியைக் கொண்டுபோய், ஓட முடியாமல் கையைக் கட்டி, அதே வெளுத்த வானத்துக்குக் கீழே போட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை போனபோது விளக்கை மாற்றியிருந்தார்கள். புது விளக்கு என்பதால் அந்த மூலை மற்றதையெல்லாம் விட அதிகமாக எரிந்தது. மிஸ்ஸி பெருமையாகச் சொன்னார்: "ஒங்க மருமக போட்ட சத்தத்துலதான் ஆண்டி ஒடனே ஆள் வந்துச்சு."

"என் மருமக கெட்டிக்காரி," என்று சொல்லிவிட்டு அத்தை துண்டைக் கண்மேல் இழுத்துக்கொண்டார். அதில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து இன்னொரு வெள்ளிக்கிழமை, நிஜ மழை வந்தது. நாங்கள் கிளம்பும் நேரத்துக்குச் சரியாக, தகரக் கூரையே பிய்ந்துவிடும் போல அடித்தது. அத்தை உடுத்திக்கொண்டு, செருப்பும் போட்டு, வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் குடையோடு வந்தேன். அவர் மழையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கேட்கவில்லை. கேட்கலாமா என்று மட்டும் முகம் கேட்டது. பெரட்டில் நின்றவர்கள் மண்டோரை அப்படித்தான் பார்த்திருப்பார்கள்.

நான் குடையைச் சுவரில் சாய்த்தேன். "இன்னிக்கு வேல இல்ல அத்த. போய்ப் படுங்க," என்றேன்.

அத்தைக்காகத்தான் அப்படிச் செய்தேன் என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதி உண்மை. மீதி என்னவென்றால், அன்றைக்கு என் உடம்பிலும் ஒரு எலும்பு மிச்சமில்லாமல் வலித்தது. எனக்கும் யாராவது வேலை இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. அத்தை ஒரு முழுத் தம்ளர் தேநீர் குடித்தார், நான் தடுக்கவில்லை. பிறகு ஒரே பாயில் இரண்டு பேரும் படுத்தோம். பத்து மணி வரை தூங்கினேன். கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த பிறகு அவ்வளவு நிம்மதியாகத் தூங்கிய நாள் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அத்தைக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. நெஞ்சில் தண்ணீர் கோத்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அள்ளிக்கொண்டு ஓடினோம். மூன்று நாள் அங்கே இருந்து பிழைத்து வந்தார். ஜொகூரிலிருந்து ஓடிவந்த என் கணவர் வராந்தாவில் வைத்து, "ஒரு மழைக்குப் பயந்துகிட்டு எங்கம்மாவக் கொல்லப் பாத்தியா?" என்றார். பிறகு நிலையத்தில் மிஸ்ஸியும் அதையே கொஞ்சம் மரியாதையாகச் சொன்னார். அன்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் அத்தைதான் மூச்சு முட்ட முட்ட, மகனிடம் "நான்தான்டா வரலன்னேன்" என்று பொய் சொன்னார்.

அதன்பிறகு நான் மாறிப்போனேன். பயம் ஒரு பக்கம், பழி ஒரு பக்கம். அடுத்த எட்டு மாதத்தில் எத்தனையோ விடியற்காலை மழை. ஒவ்வொரு தடவையும் அத்தை வாசல் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு தரம் என்னைப் பார்ப்பார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் குடையை விரிப்பேன். அவர் எழுந்து என் தோளைப் பிடித்துக்கொள்வார். ஒரு நாள் கூட மாட்டேன் என்று சொன்னதில்லை.

இப்போது இந்த மாதிரி வானம் எங்கும் வந்துவிட்டது. பேரங்காடிக் கூரையில் வரைந்திருக்கிறார்கள், பிள்ளைகள் கீழே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். போன வருடம் பல் பிடுங்கப் போன கிளினிக்கில், சாய்த்த நாற்காலிக்கு மேலே அதே நீலம், அதே வெள்ளை. நல்ல எண்ணத்தில்தான் வைக்கிறார்கள், குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் ஒரு தடவை கூட யாரும் மழை வானத்தை மாட்டி நான் பார்த்ததில்லை. பல் டாக்டர் அண்ணாந்து பார்க்கச் சொன்னபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அத்தை ஒரு புதன்கிழமை விடிகாலையில், எழுப்பப் போனபோது எழுந்திருக்கவில்லை. அதற்கு முந்தைய திங்கட்கிழமையைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை. அன்று ஒன்பது மணி வாக்கில் கீழே காப்பி குடிக்கப் போனேன். கடையிலிருந்து மாடிப்படிக்கு வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மேலே அந்த அறையில் ஏர்கோன் சத்தத்தில் மழை கேட்கவே இல்லை. நான் போய் ஸ்டூலில் உட்கார்ந்தேன். அத்தை துண்டை விலக்கினார்.

"வெளிய மழையாம்மா?"

இன்னும் இரண்டு மணி நேரம் பாக்கி இருந்தது. ஊசியைக் கழற்றச் சொல்ல மாட்டார், வீட்டுக்குப் போகலாம் என்று கேட்கவும் மாட்டார், அது எனக்குத் தெரியும். மழை என்று சொன்னால் அந்த முகம் வாசல் நாற்காலியில் பார்ப்பது போல ஒரு தரம் என்னைப் பார்க்கும். அதைத் தாங்க அன்றைக்கு எனக்குத் தெம்பில்லை.

"இல்லத்த. நல்ல வெயில்," என்றேன்.

என் தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டி, கட்டில் விரிப்பில் விழுந்துகொண்டிருந்தது. அத்தை அதைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"வெயிலா? சரி, அப்ப வேல இருக்கு," என்று சொல்லிவிட்டு, ஊசி குத்திய கையை நேராக நீட்டி வைத்துக்கொண்டார்.