குனியக் கற்றுக்கொண்ட செல்வி

இன்று ஒண்டிக்கடை நிறுத்தத்தில் நான் பஸ் ஏறியதும் செல்வியின் அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எஸ்டேட்டில் காபிப் பழம் பறிப்பவர். ஆறாவது படிக்கும் செல்வி நான் சொல்லிக்கொடுக்கும் நாட்டிய நாடகக் குழுவில் ஒரு வருடமாக ஆடுகிறாள்.

வெள்ளைக்காரத் துரை குதிரையில் வர, பாதையை விட்டிறங்கிக் குனிந்து நிற்கும் கூலிப் பெண் வேடம் அவளுக்கு. போன இடமெல்லாம் அதற்குத்தான் கைதட்டல்.

"ஏனுங்க, நேத்து மேனேஜர் ஜீப் வந்துச்சுங்க. புள்ள ரோட்ட விட்டு எறங்கிக் குனிஞ்சு நின்னுட்டாளுங்க. நாங்களே இப்பெல்லாம் அப்படி நிக்கறதில்லீங்க."

"விளையாட்டுக்கு நின்னிருப்பாளுங்க" என்றேன்.

"கேட்டா, தானா வந்துருச்சுங்கறா. மேனேஜருக்கு நொம்பச் சந்தோசமுங்க. நல்லா வளத்திருக்கீங்கன்னாரு."

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆண்டு விழா. சிறந்த நடிப்புக்கான பரிசு செல்விக்கு. கொடுக்கப்போவது அதே மேனேஜர்.

நிமிர்ந்து நின்று பரிசு வாங்க மூன்று நாளில் சொல்லிக்கொடுக்க முடியுமா? அதற்கான அடவு தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.