எண்ணூறு ரூபாய் முகம்

இறந்தவர் முகத்துக்கு ஜெகதீசன் வைத்த விலை எண்ணூறு ரூபாய். ஃப்ரேம் தனி. இது நிஜமாக நடந்தது. சந்தேகம் இருந்தால் திண்டிவனத்தில் அவர் கடைக்கே போய் அவரைப் பார்க்கலாம். அவர் உங்களைப் பார்ப்பாரா என்பது வேறு விஷயம்.

ஸ்டாம்ப் சைஸ் போட்டோவைச் சுவரில் மாட்டும் அளவுக்குப் பெரிதாக்கித் தருவது அவர் தொழில். அதற்குக் கம்ப்யூட்டரில் நல்ல கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும். இவரிடம் இருந்ததோ, விழுப்புரம் பழைய சாமான் கடையில் அடித்துப் பேசி வாங்கிய பத்து வருடக் கிழட்டுக் கார்டு. முகம் களிமண்ணில் பிடித்த மாதிரி வரும். கண் சுத்தமாக வராது. வேறு யார் கண்ணையாவது வெட்டி ஒட்டிவிடுவார்.

“செத்தவன் வந்து குவாலிட்டி கேக்கப் போறானா?” என்பார்.

கண்டமங்கலத்திலிருந்து சவுரியம்மாள் வந்தார். மறுநாள் கணவர் இருதயராஜுக்கு முப்பதாம் நாள் ஜெபம். நூறு நாள் வேலை அட்டையிலிருந்து பிய்த்த அந்த ஒரு படம்தான் வீட்டில் உண்டு.

“மூஞ்சி தெளிவா வரணுங்க. பசங்க இதைப் பாத்துக்கினுதான் வளரணும்.”

“எண்ணூறு ரூபாய்க்கு ஆளே எழுந்து வரணுமா? நாலு மணிக்கு வாம்மா.”

மதியம் 2.10. வேலையை ஓடவிட்டார். ர்ர்ர்... கார்டின் விசிறி இரைந்தது.

2.24. விசிறி நின்றது. ஒரு மணி நேர வேலை, பதினாலே நிமிடத்தில் முடிந்திருந்தது.

தாடையில் சவரக் கீறல், காலரில் வியர்வைக் கறை, எல்லாம் துல்லியம். இந்தக் கார்டுக்கு ஏது இந்தத் தரம்?

கண்கள் மட்டும் மூடியிருந்தன. இமைகள் உள்ளே அமுங்கியிருந்தன. சின்னப் படத்தில் கண் திறந்துதான் இருந்தது...

“கிழட்டுச் சனியனே!”

மறுபடி ஓடவிட்டார். 2.51. அதே இமைகள். முகம் மட்டும் அவர் பக்கம் கொஞ்சம் திரும்பியிருந்தது.

கைக்கு முதலில் அகப்பட்டது அவருடைய பாஸ்போர்ட் போட்டோ. தன் கண்களையே வெட்டி ஒட்டினார். அளவெடுத்தது போலப் பொருந்தின.

3.12.

படம் இமைத்தது.

ஒரே முறை... வலது கண் மட்டும்.

அவருக்கு வலப்பக்கம் மங்கியது. மானிட்டரைத் தட்டினார். தன் இடது கண்ணை மூடிப் பார்த்தார்.

இருட்டு.

நாலு மணிக்கு வந்த சவுரியம்மாள் படத்தையே உற்றுப் பார்த்தார்.

“கண்ணு யாருதுங்க?”

“அ... அவருதுதான்.”

“அவரு கண்ணு இது இல்லீங்க. அவரு போனதும் ஆஸ்பத்திரியிலயே ரெண்டு கண்ணையும் தானமா குடுத்துட்டோமே.”

ஜெகதீசன் கண்ணில் ஒரு குறையும் இல்லை என்கிறார் டாக்டர். கண்டமங்கலத்து வீட்டுச் சுவரில், படத்தின் வலது கண் பளிச்சென்று இருக்கிறதாம். இடது கண் இன்னும் கொஞ்சம் மங்கல்தானாம்.

ஒட்டியது இரண்டு. போனது ஒன்று.

பாக்கி ஒன்று.